கல்லுக்கு ஃபேன் வைத்த வீடு

கடற்கரைக்காரர்களுக்கே கடலை விற்கிற தொழில் என்னுடையது. வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து விலை சொல்லக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

நாளிதழ் ஒன்றுக்குத் தாலுகா நிருபராக இருந்து ஓய்ந்த பிறகு, தக்கலையில் மைத்துனரின் மீன்தொட்டிக் கடையில் உட்கார்ந்தேன். தங்கமீனும் கப்பியும் மீன் தீனியும் கடையில் தினமும் ஓடும். உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதிலும் கல்பவளம் வளர்க்கிற தொட்டி கேட்டு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் செலவைக் கேட்டதும் ஒரு ஜோடி தங்கமீனோடு வீடு திரும்பிவிடுவார்கள். திரும்பாத ஒருவரைப் பற்றித்தான் இனி வரப்போகிற துணுக்குகள் எல்லாம். வீட்டில் தொட்டி வைத்து, பாசி பிடித்து, பம்ப் நின்று, வீட்டம்மாவிடம் பேச்சு வாங்கிய அன்பர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நாம் தனியாக இல்லை என்ற ஆறுதல் மட்டும் கிடைக்கலாம்.

வெளிப்பக்கத்து ஆள்

தேங்காய்ப்பட்டணம் ஹமீது கத்தாரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவர். அந்த ஹோட்டலின் வரவேற்பறையில் சுவர் உயரத்துக்கு ஒரு பவளத் தொட்டி உண்டு. அதன் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பது ஹமீதின் வேலை. உள்ளே கைவிடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு சீருடை, வேறு சம்பளம். விருந்தினர் பிள்ளைகளின் கைத்தடங்களை அழித்தபடி, உள்ளே பவளம் வளர்வதை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் கைமாறியதும் வேலை போயிற்று, ஊருக்கு வந்துவிட்டார்.

அவர் மனைவி நபீசாவின் அண்ணனும் கத்தாரில்தான் இருக்கிறார். அடுத்த ஜூலையில் தன் கம்பெனியில் ஓர் இடம் காலியாகும், விசாவைத் தானே பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். ஹமீதுக்கு மறுபடி விமானம் ஏற மனமில்லை. அதற்காக அவர் கண்டுபிடித்த வழிதான் என்னிடம் வந்தது. குறைந்த செலவில் ஒரு சின்னத் தொட்டி வைப்பது. ஜூலைக்குள் அதில் ஒரு கல்பவளமாவது பிழைத்து வளர்ந்துவிட்டால், என்னோடு சேர்ந்து ஊர் ஊராகத் தொட்டி வைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கிவிடுவது. பிழைக்காவிட்டால் கத்தார். நபீசாவிடமும் இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தார். ஒப்புதலின் தன்மை என்ன என்பது, நபீசா எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்தபோது தெரிந்தது.

"சாரே, இவரு அங்க கண்ணாடியத்தான் தொடச்சிட்டு நின்னாரு. உள்ள கெடந்தது ஒண்ணும் இவருகிட்ட வந்து தொழில் சொல்லிக் குடுக்கல."

பெத்லகேம் மலை

பவளம் உட்காரப் பாறை வேண்டும். இறக்குமதிப் பாறையின் விலையைக் கேட்டு ஹமீது சிரித்தார். அது வாங்குகிறவருடைய சிரிப்பல்ல. ஆகவே நாமே செய்துகொள்ளலாம் என்றேன். வெள்ளைச் சிமென்டையும் நொறுக்கிய சிப்பியையும் கல்லுப்பையும் சேர்த்துப் பிசைந்து, ஈரமணலில் குழி பறித்து ஊற்றினால் ஒரு பாறை கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, ஓட்டை ஓட்டையாக, பார்வைக்குக் கடல் பாறை மாதிரியே நிற்கும். சிமென்டின் காரம் போகும்வரை வாரக்கணக்கில் ஊற வேண்டும். இதையெல்லாம் நெய்யூர்ப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் செய்து முடித்து, வெயிலில் காயப் போட்டிருந்தேன். அது டிசம்பர் மாதம்.

டிசம்பர் மாதத்தில் எங்கள் பக்கத்தில் ஓட்டை விழுந்த கல்லை முற்றத்தில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் கடையிலிருந்து திரும்பினால் முற்றம் காலி. சபை வாலிபர்கள் வந்து, கிறிஸ்துமஸ் குடில் கட்ட எடுத்துப்போனதாக வீட்டில் சொன்னார்கள். கேட்டுத்தான் எடுத்தார்களாம், ஏதோ வேண்டாத கல் என்று என் மனைவியும் கொடுத்துவிட்டாள். ஆலய வளாகத்துக்குப் போனேன். என் பாறைகள் தங்கப் பெயின்ட் அடித்து, மேலே வைக்கோல் தூவி, மேய்ப்பர்களையும் இரண்டு ஒட்டகங்களையும் தாங்கிக்கொண்டு நின்றன. ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் ஒரு சீரியல் பல்பு.

பெயின்ட் பட்ட கல் இனி தொட்டிக்கு உதவாது என்று வாலிபர் சங்கச் செயலாளரிடம் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஓர் ஆட்டுக்குட்டியை நேராக நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"பவளத்துக்குள்ளதுன்னு அதில எழுதி ஒட்டல்லியே சாரே. பாத்தா பெத்லகேமாட்டுத்தான் இருந்துது."

அரைக் கடல்

இரண்டாவது முறை பாறையை ஹமீது வீட்டுக் கொல்லையிலேயே செய்தோம். அடுத்தது தண்ணீர். வடிகட்டிய நல்ல தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கலந்துகொள்வது பத்திரமான வழி. ஆனால் கடல் இரைச்சல் கேட்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உப்பு பாக்கெட்டுக்குக் காசு கொடுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஹமீது ஒரு விடியற்காலையில் தானே போய்க் கேன் கேனாகக் கோரிவந்து, தொட்டியை நிறைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. உப்பு அளக்கிற கருவியில் ஒரு சொட்டு விட்டேன். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு கீழே நின்றது கோடு. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, கடையில் கலந்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்தேன். கருவி நன்றாக இருந்தது.

ஹமீதின் சித்தப்பா மகன் ஷாகுல் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். இவ்வளவையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், எங்கே கோரினீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்துக்குப் பக்கத்தில், மணல்திட்டில் நின்று, கால் நனையாமல் கோரியிருக்கிறார் ஹமீது. அந்த வாரம் மலையில் நல்ல மழை. அன்றிலிருந்து தொட்டிக்கு வேண்டிய தண்ணீரைத் தூரக்கடலிலிருந்து ஷாகுலே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்னால் இதைச் சொல்லவும் செய்தார்:

"ஆறு கொண்டு குடுத்த வெள்ளத்தக் கடலு இன்னும் வாங்கிக்கிடல்ல. அதுக்கு எடையில நீங்க போயி கோரிட்டு வந்திட்டிய."

கருமணல்

தொட்டியின் அடியில் பரப்ப மணல் வேண்டும் அல்லவா? மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தால் காலில் ஒட்டிக்கொண்டு வருகிற கறுப்பு மணலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹமீது அதில் கொஞ்சம் ஒரு பையில் அள்ளிவந்து பரப்பிவிட்டார். வெள்ளைப் பாறை, கறுப்புத் தரை. அழகாகத்தான் இருந்தது. தடுத்திருக்க வேண்டிய நானும் நின்று ரசித்தேன்.

சில நாளில் அலை பம்ப் முனகத் தொடங்கியது, பிறகு நின்றுவிட்டது. கழற்றினால், உள்ளே சுழலுகிற காந்தத்துக்குக் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. அந்த மணலில் பாதி காந்தத்துக்கு ஓடிவருகிற ஜாதி. அது மட்டுமல்ல. கண்ணாடியில் பாசி துடைக்க, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒட்டிக்கொள்கிற காந்தத் துடைப்பான் ஒன்று கொடுத்திருந்தேன். உள்ளே இருந்த துண்டும் மணலைப் பூசிக்கொண்டது. ஹமீது அதை வைத்து, தன் அனுபவத்தையெல்லாம் காட்டி, மூன்று பக்கமும் வட்ட வட்டமாகத் துடைத்திருக்கிறார். கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கோடு விழுந்துவிட்டது.

ஹமீது மணலை வாரிக்கட்டி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். நபீசா கண்ணாடியைச் சாய்ந்து நின்று பார்த்தார், நேராக நின்றும் பார்த்தார்.

"அறியாத தொழிலுக்கு எறங்கினதுல, அறிஞ்ச தொழிலும் போச்சா?"

ஹாலில் கிடந்த இறால்

புதுத் தொட்டியில் உடனே உயிர் எதையும் விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முதலில் பெருக வேண்டும். அவைதான் பின்னால் அழுக்கைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும். அவற்றைப் பெருக்கச் செலவில்லாத வழி, ஓர் இறாலை உள்ளே போட்டு அழுக விடுவது. இறாலுக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் பஞ்சமா? போட்டோம். மூன்றாவது வாரம் தண்ணீரைச் சோதித்தால் ஒரு முன்னேற்றமும் இல்லை. நுண்ணுயிர் என்று பேருக்குக் கூட இருப்பதாகத் தெரியவில்லை. சோதனை மருந்து காலாவதியானதோ என்று பார்த்தேன். இல்லை.

விசாரித்ததில், முந்தின வெள்ளிக்கிழமை நபீசாவின் பிறந்த வீட்டார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முன், நபீசா அழுகின இறாலை எடுத்து எறிந்துவிட்டு, அன்று வந்த இறாலில் ஒன்றைக் கழுவிப் போட்டிருக்கிறார். வடிகட்டுகிற பஞ்சையும் சோப்புப் பொடி போட்டுத் துவைத்துக் காயவைத்திருக்கிறார். நான் கொஞ்சம் வருத்தப்பட்டுப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர் வருத்தம் அதைவிடப் பெரியது.

"மீன் ஊருல வாக்கப்பட்டவ நான். எனக்க வீட்டு ஹாலுல சீஞ்ச இறாலு கெடந்தா, வந்தவிய போற வழியில என்ன சொல்லிட்டுப் போவாவ சாரே?"

புலிக் கேஸ்

தொட்டி ஒருவழியாகத் தயாரானது தெரிந்து ஷாகுலுக்கும் உற்சாகம். ஒரு மத்தியானம் ஈரச்சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பவளம். உயிரோடு இருந்தது. வலையில் தானாக மாட்டி வந்ததாம். ஹமீது அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, கிட்டப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பைசா செலவில்லாமல் வேலை முடிந்துவிடும் என்று அவர் முகத்தில் இருந்தது.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நம் கடல் பவளத்தை எடுப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். வனவிலங்குச் சட்டத்தில் அதுவும் புலியும் ஒரே வரிசை. வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்து, முறையான தாள்களோடு இறங்குகிற துண்டுகளைத்தான் நாம் வாங்கலாம். ஷாகுல் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாக்கை மறுபடி நனைத்துச் சுற்றி, அப்போதே வள்ளத்தை இறக்கி, எடுத்த பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"வலையில தானா வந்து விழுந்த சாதனம். விட்டா ஒண்ணுமில்ல, வச்சா புலிக் கேஸ். இந்தச் சாளை மீனும் அயிலை மீனும் எந்த வரிசையில நிக்கிது சாரே? நாளைக்கு எனக்குக் கடலுக்குப் போணும்."

காடை முட்டை

பண்ணைப் பவளத்தைக் கொச்சியில் ஒரு வியாபாரி தாள்களோடு கொடுத்தார். ஹமீது தானே போய் வாங்கி, தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ ஆஸ்பத்திரிச் சமாச்சாரம் என்று நினைத்து வழிவிட்டார்களாம். மூளை மாதிரி மடிப்பு விழுந்த பவளம் ஒன்று, தட்டு மாதிரி படர்வது ஒன்று. இரண்டும் கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும் தாங்குகிற வகை. மூன்றாவதாக மான்கொம்புப் பவளம். அது புதுத் தொட்டிக்கு ஆகாது, பின்னால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஹோட்டலில் அவர் தினமும் பார்த்து நின்றது அதைத்தான் என்பதால், என் பேச்சு கொச்சிவரைக்கும் போய்ச் சேரவில்லை.

மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கினோம். அதற்குள் தெருவே வந்துவிட்டது. மாதக்கணக்கில் வெறும் தண்ணீருக்கு நீல லைட் எரிந்த வீடு. பார்க்க ஆசை இருக்காதா? கடைசியில் ஹமீது ஒவ்வொன்றாக எடுத்துப் பாறையில் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு சிமென்ட் வில்லையின் மேல் ஒட்டிய, கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு. நபீசாதான் வந்தவர்கள் சார்பில் பேசினார்.

"ஒட்டகம் அறுக்கப் போறவிய கணக்காப் பந்தலும் லைட்டும் போட்டிட்டு, காடை முட்டையா கொண்டு வந்திருக்கிய?"

ஏப்ரல்

வெயில் ஏறியதும் தண்ணீர் சுட்டது. தண்ணீரைக் குளிர்விக்கிற எந்திரம் தொட்டியைவிட விலை கூடியது என்பதால், தண்ணீர் மட்டத்தில் காற்று படும்படி ஒரு மேஜை ஃபேன் வைக்கச் சொன்னேன். காற்றில் ஆவியாகிறபோது சூடு குறையும்; குறைகிற தண்ணீருக்கு உப்பில்லாத வடிகட்டிய தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் ஒழுங்காக ஓடுகிற மேஜை ஃபேன் ஒன்றுதான் இருந்தது. அடுத்த தடவை நான் போனபோது எல்லோரும் வாசல் நடையில் உட்கார்ந்து, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நபீசா உள்ளே கைகாட்டினார்.

"போயிப் பாருங்க. கல்லு உள்ள ஃபேனுக்க கீழ சொகமாட்டு இருக்கு."

வெளுத்தது

மான்கொம்பு தாங்கவில்லை. முதலில் நுனி வெளுத்தது, பிறகு கீழிருந்து தோல் உரிவது மாதிரி உரிந்து, ஒரே வாரத்தில் வெறும் எலும்பாக நின்றது. இதை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்களும் லைட்டைக் குறைத்திருப்பீர்கள், தண்ணீரை மாற்றியிருப்பீர்கள், கடைக்காரனைத் திட்டியிருப்பீர்கள்.

ஹமீது யாரையும் திட்டவில்லை. கையை உள்ளே விட்டு அதை எடுத்து, ஒரு கிண்ணத்தில் வைத்தார். ஆகாது என்று முதலிலேயே சொன்னேனே என்ற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அவரைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். ஹோட்டலில் எப்படி ஒன்றுகூட வெளுக்காமல் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன்.

"அங்கயும் சாகும் சாரே. செத்தத ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டு அதே இடத்துல வேற வச்சிருவாவ. காலம்பற நான் தொடைக்க வரும்போ எல்லாம் உசிரோடத்தான் நிக்கும்."

கடைக்காரரின் மனத்தாங்கல்

மிஞ்சியவை மூளையும் தட்டும். கல்பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்குத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருக்க வேண்டும். அதைப் புட்டியில் அடைத்து இறக்குமதி செய்து விற்கிறார்கள். நாங்கள் வாசனையோ நிறமோ சேர்க்காத வெறும் வெற்றிலைச் சுண்ணாம்பை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, மேலே தெளிந்து நிற்கிற நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டோம். வேகமாக விட்டால் ஆபத்து. ஒருமுறை ஹமீது அவசரப்பட்டு, தொட்டி பால் மாதிரி ஆகி, எங்கள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. அப்புறம் கை பழகிவிட்டது.

கடைத்தெருவில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர் ஒருநாள் என்னையும் ஹமீதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. உட்காரச் சொன்னார். பிறகு ஹமீதைப் பார்த்துக் கேட்டார்:

"வெத்தலயும் பாக்கும் வேற கடையில வாங்கிட்டு, சுண்ணாம்புக்கு மட்டும் எங்கிட்ட வாறியளே, நான் உங்களுக்கு என்ன கொற வச்சேன்?"

மெடிக்கல் போன நாள்

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நபீசாவின் அண்ணன் போனில் நினைவூட்டினார்: மருத்துவப் பரிசோதனையை முடித்து வைக்க வேண்டும். ஹமீது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். எடுத்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லையே என்று நபீசாதான் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அவர் போன அன்று காலையில் காற்றில் தென்னை சாய்ந்து கம்பி அறுந்து, அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் போயிற்று. பம்ப் நின்றால் தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீரில் சீக்கிரமே காற்று தீர்ந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது புது இன்வெர்ட்டரைத்தான் நாங்கள் முதலில் வேண்டாம் என்று தள்ளியிருந்தோம்.

பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். வழியெல்லாம் மரமும் தண்ணீரும். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நபீசா ஒரு ஸ்டூல் மேல் நின்று, ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரைக் கோரி, உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். ஹமீது போனில் சொல்லியிருக்கிறார், காலையிலிருந்து செய்கிறார். தொழுகை நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கோப்பையைக் கொடுத்திருக்கிறார். தான் அனுப்பிய வேலையாகப் போன மனிதர் திரும்பி வருவதற்குள் இது செத்துவிட்டால், பழி யார் மேல் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நான் காற்றுப் பம்பை மாட்டிவிட்டு, போதும் என்றேன். மேலும் கொஞ்ச நேரம் ஊற்றிவிட்டுத்தான் இறங்கினார். மழை இருட்டில் மூளைப் பவளம் தன் மடிப்புகளுக்குள்ளிருந்து நூல் நூலாகக் கைகளை நீட்டியிருந்தது. நீல லைட்டில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. அது என்ன என்று கேட்டார். இரை தேடுகிறது, நடுவில் தெரிவது வாய் என்றேன். நபீசா முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"இத்தன மாசமா இந்த வீட்டுல கெடக்கு. இதுக்கு வாயிருக்குன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லியே."

பதில்

மருத்துவப் பரிசோதனையில் ஹமீது தேறிவிட்டார். அதுதான் சங்கடம். விசா வந்துவிட்டதாக ஜூலை முதல் வாரத்தில் செய்தி வந்தது. இந்தப் பக்கம், தட்டுப் பவளம் தன் சிமென்ட் வில்லையைத் தாண்டி இறங்கி, நாங்கள் பிசைந்து செய்த பாறையின் மேல் அரை விரல் அகலம் படர்ந்திருந்தது. ஹமீது என்னை வரவழைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். வளர்ந்துவிட்டது, சந்தேகமில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு ஒரு தொட்டி கேட்டிருந்தார். ஒரு தொட்டி, ஒரு டாக்டர், அரை விரல் பவளம். இவ்வளவையும் ஒரு விசாவுக்கு எதிரே வைத்துப் பேச ஹமீதுக்குத் துணிவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. நாளைக்கு இந்தத் தொழில் சோறு போடும் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

நாங்கள் அப்படி நிற்கும்போதே கத்தாரிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று மச்சினர் கேட்டார். ஹமீது மழையைப் பற்றிச் சொன்னார். உடம்பைப் பற்றி விசாரித்தார். மறுபடியும் மழைக்கே வந்தார். இவ்வளவு செய்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுக்களையிலிருந்து நபீசா வந்து, போனைக் கேட்டு வாங்கினார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். காக்கா என்று தான் கூப்பிடுகிற அண்ணன் பேசியதை முழுக்கக் கேட்டார். இரண்டு தடவை 'செரி' என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"காக்கா, அந்த விசாவ வேற ஆளுக்குக் குடுத்திரு. கரண்டு போனா கோரி ஊத்த என்னால ஒருத்தியால முடியாது. அவரு இங்க நிக்கட்டு."

குறைந்த செலவில் கல்பவளம் வளர்க்க முடியுமா என்று இப்போதும் கடைக்கு வந்து கேட்கிறவர்களிடம், அன்று ஓர் இன்வெர்ட்டர் வாங்க வசதி இருந்திருந்தால் என் கூட்டாளி இன்று கத்தாரில் இருந்திருப்பார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.